புது வெர்ஷன் வந்திருக்கா?

2025 செப்டம்பர் 3 அன்று டெல்லியில் கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில், 12, 28 சதவீத விகிதங்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அநேகமாக எல்லாச் சரக்கையும் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் கொண்டுவந்தது. அமலுக்கு வரும் நாள் செப்டம்பர் 22. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. பிஸ்கெட், சோப்பு, ஷாம்பூ, பற்பசை எல்லாம் 18-லிருந்து 5. மளிகைக் கடையில் இதெல்லாம் தினமும் கை படுகிற சரக்கு. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. மதுரை கீழமாசி வீதியிலிருந்து பேசிய ஒரு மொத்த வியாபாரி கேட்டதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்: "தம்பி, 22-ந் தேதி காலைல பில்லைப் போட்டா சரியா விழுந்துருமா?"

விழுந்துவிடும் அண்ணாச்சி என்று தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் என் பில்லிங் சாப்ட்வேரில் உள்ள ஒரு சின்னப் பகுதி. தினமும் ஒருமுறை சர்வரைத் தொடர்பு கொண்டு, "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வருவதுதான் அதன் வேலை. பைத்தானில் கடைகளுக்கான சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஸ்டாக், பில், கடன் பாக்கி, ஆடிட்டருக்கான ரிப்போர்ட் என்று நான் எழுதிய எல்லாவற்றையும்விட அதிக நேரம் யோசித்தது இந்தப் பகுதியைப் பற்றித்தான். காரணம் எளிது. மற்ற எந்தப் பகுதி கெட்டாலும் அப்டேட் அனுப்பிச் சரிசெய்துவிடலாம். அப்டேட் பார்க்கும் பகுதியே கெட்டுவிட்டால் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்க வேண்டும், அல்லது எனிடெஸ்க் வழியாக ஒவ்வொரு கணினியாக உள்ளே போக வேண்டும். அதனால் அந்தப் பகுதி எவ்வளவு சிறியதாக, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

எழுதிப் பார்த்தால் பத்து வரிதான். சர்வரில் ஒரு ஜேசன் கோப்பு. அதில் கடைசி வெர்ஷன் எண், இறக்க வேண்டிய முகவரி, என்ன மாறியது என்று இரண்டு வரி. பைத்தானோடு கூடவே வரும் யூஆர்எல்லிப் அதைப் படித்துக் கொடுக்கும். கையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பெரியதாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் ஒரு மதியத்தில் எழுதிக் காட்டிவிடுவார்கள். கடையில் அந்தப் பத்து வரியும் என்னென்னவற்றை எதிர்கொள்கின்றன என்று காட்டவே எனக்கு மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் ஒப்பிடுவதை எடுத்துக்கொள்வோம். வெர்ஷன் எண்ணை எழுத்தாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் பைத்தான் 1.10-ஐ 1.9-ஐவிடச் சிறியது என்று சொல்லும். எழுத்து எழுத்தாகத்தான் அது பார்க்கிறது. புள்ளிக்குப் பிறகு வரும் 1, 9-க்கு முன்னால் வருவது, அவ்வளவுதான். 1.9 வரை எல்லாக் கடையிலும் ஒழுங்காக வேலை செய்து, 1.10 வெளியான அன்றைக்கு எந்தக் கடைக்கும் அது கண்ணில் படாமல் போகும். பிழைச் செய்தியும் வராது. புள்ளியில் பிரித்து ஒவ்வொன்றையும் எண்ணாக்கி ஒப்பிட்டால் தீரும் என்று தோன்றும். ஆனால் சோதனைக்காக 2.0ஆர்சி1 என்று ஒன்றை வெளியிட்டதும் அதுவும் தடுமாறும். பைத்தான் உலகில் இதற்கென்று பெப் 440 என்ற விதிமுறையே இருக்கிறது. அதன்படி ஒப்பிட்டுத் தரும் பேக்கேஜிங் என்ற நூலகத்தையே பயன்படுத்துங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பழைய ஆட்கள் டிஸ்ட்யூட்டில்ஸில் இருந்த லூஸ்வெர்ஷனைப் பயன்படுத்தியிருப்பார்கள். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸே நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது திரை உறைந்துபோவது. டிகேஇன்டரோ பைக்யூடியோ, எதில் எழுதினாலும் திரையை வரைவதும் விசை அழுத்தத்தைக் கேட்பதும் ஒரே நூலிழையில், அதாவது ஒரே திரெட்டில், நடக்கிறது. அதே திரெட்டில் சர்வரையும் கூப்பிட்டால் பதில் வரும்வரை எல்லாம் நின்றுவிடும். யூஆர்எல்லிப்புக்குக் கெடு எதுவும் சொல்லாவிட்டால் அது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். கெடு கொடுத்தாலும் அது ஒவ்வொரு தனித்தனி வாசிப்புக்கும் உள்ள கெடு. மொத்த வேலைக்கும் உள்ளது அல்ல. பெயரைத் தேடி ஐபி முகவரி கண்டுபிடிக்கும் நேரம் அந்தக் கணக்கிலேயே சேராது. கடையில் இன்டர்நெட் பாதி உயிரோடு இருக்கும் நேரங்களில், வைஃபை சின்னம் முழுதாகத் தெரிந்தும் எதுவும் நகராத நேரங்களில், இது அப்படியே வெளிப்படும். தலைப்புப் பட்டையில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். எதிரே மூட்டையோடு ஆள் நிற்பார். கடைப் பையன் ஸ்விட்சை அணைத்துவிடுவான். அணைக்கும்போது டேட்டாபேஸில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அன்றைய கணக்குக்கே ஆபத்து. எனவே சர்வரைக் கேட்கும் வேலை தனித் திரெட்டில், அதுவும் சாப்ட்வேரை மூடினால் தானும் கூடவே மூடிக்கொள்ளும் டீமன் திரெட்டில் ஓட வேண்டும். அது திரையைத் தொடவே கூடாது. கிடைத்த பதிலை வரிசையில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். திரையின் திரெட் ஓய்வாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனையும் புத்தகத்திலேயே கிடைக்கும். சான்றிதழ் விஷயத்தைக் கடைகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

எச்டிடிபிஎஸ் வழியே போகும்போது, எதிரே இருப்பது நம் சர்வர்தான் என்பதற்கு ஒரு சான்றிதழ் வருகிறது. 2014 டிசம்பரில் வந்த பைத்தான் 2.7.9-க்கு முன்பு யூஆர்எல்லிப் இந்தச் சான்றிதழைச் சரிபார்க்கவே இல்லை. யார் எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொண்டது. பெப் 476 வந்த பிறகுதான் சரிபார்ப்பது இயல்பானது. சரிபார்ப்பு வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் சரிபார்க்க ஆரம்பித்ததும், கடைக் கணினியின் உடல்நிலை முழுக்க அதன் வழியாகத் தெரிய வந்தது.

பல கடைகளில் பில் போடும் கணினி பழையது. மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். இரவு மெயினை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். அன்றைக்கு நம் சான்றிதழ் "இன்னும் அமலுக்கு வராதது" ஆகிவிடும், தொடர்பு அறுந்துவிடும். பைத்தான் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 3.7 முதல் சான்றிதழ்ப் பிழையோடு ஒரு எண்ணும் வருகிறது. 9 என்றால் இன்னும் அமலுக்கு வரவில்லை, 10 என்றால் காலாவதி, 20 என்றால் வழங்கிய நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் இந்தக் கணினியில் இல்லை. பெரும்பாலான சாப்ட்வேர்கள் இந்த மூன்றையும் சேர்த்து "இணைப்பு இல்லை" என்று ஒரே செய்தியாகக் காட்டிவிடுகின்றன. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. 9 வந்தால், "உங்கள் கணினியின் தேதி தவறாக உள்ளது, பில்லிலும் இதே தேதிதான் விழும்" என்று நான் காட்டுகிறேன். அப்டேட்டைவிட அந்தச் செய்திதான் கடைக்காரருக்கு அன்றைக்கு முக்கியம். தவறான தேதியில் பில் போனால் மாதக் கடைசியில் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஆடிட்டர் தலையைப் பிடித்துக்கொள்வார்.

20 என்ற எண் இன்னும் நுட்பமானது. சர்வரும் சரி, தேதியும் சரி, ஆனாலும் சில கடைகளில் மட்டும் 20 வரும். எனிடெஸ்கில் உள்ளே போய், எங்கள் சர்வர் முகவரியை எட்ஜில் திறந்து பார்ப்பேன். அருமையாகத் திறக்கும். உடனே சாப்ட்வேரில் மறுபடி அப்டேட் பார்த்தால் அதுவும் வேலை செய்யும்! கை வைத்ததும் குணமாகிவிடும் நோய் மாதிரி இருந்தது. விளக்கம் இதுதான்: விண்டோஸ் தான் நம்பும் மூலச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் வைத்திருப்பதில்லை. பிரவுசர் போன்ற ஒன்று விண்டோஸின் வழியாகவே சரிபார்க்கச் சொல்லும்போது, தேவையானதை அப்போது இறக்கிச் சேர்த்துக்கொள்ளும். பைத்தானோ ஏற்கெனவே சேர்ந்து கிடப்பவற்றை மட்டும் எடுத்துத் தானே சரிபார்க்கிறது. இல்லாததை இறக்கும்படி விண்டோஸைக் கேட்பதில்லை. பில் போடுவதற்கு மட்டுமே இருக்கும், யாரும் பிரவுசரைத் திறக்காத கணினியில் அந்தச் சான்றிதழ் வந்து சேர வாய்ப்பே இருந்திருக்காது.

சர்டிஃபை என்ற மூலச் சான்றிதழ்த் தொகுப்பைச் சாப்ட்வேரோடு சேர்த்து அனுப்பினால் இது தீரும். ஆனால் கல்லூரி, பெரிய அலுவலகம் போன்ற இடங்களில் வெளியே போகும் போக்குவரத்தைப் பிராக்ஸி பிரித்துப் பார்த்துத் தன் சொந்தச் சான்றிதழை நீட்டும். அது விண்டோஸுக்குத் தெரியும், சர்டிஃபைக்குத் தெரியாது. தவிர, கூட வைத்து அனுப்பிய தொகுப்பு அனுப்பிய நாளோடு நின்றுவிடும். 2021 செப்டம்பர் 30-ல் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-ஐ வைத்துக்கொண்டிருந்த சாப்ட்வேர்கள் உலகம் முழுக்கத் திடீரென்று சர்வர்களை நம்ப மறுத்தன. அவற்றைச் சரிசெய்யும் அப்டேட்டும் அதே வழியாகத்தானே போக வேண்டும்? இப்போது ட்ரஸ்ட்ஸ்டோர் என்ற நூலகம் இருக்கிறது. அது சரிபார்க்கும் வேலையை விண்டோஸிடமே விட்டுவிடுகிறது. பைத்தானின் சொந்தப் பிப் கருவியே 24.2 முதல் அதைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

எப்போது கேட்பது என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. கடையின் ஒழுங்கு தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும். சாப்ட்வேரைத் திறந்ததும் அப்டேட் பார்ப்பதுதான் வழக்கம். நான் அதற்கு எதிரி. காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முதல் போணிக்குக் காத்திருக்கும் நேரத்தில், "புதிய பதிப்பு உள்ளது, இப்போதே நிறுவவா?" என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்பது அந்தக் கடையின் மரியாதையைத் தெரியாத செயல். "பில்லுக்கு ஆள் நிக்கிது தம்பி, இது என்னமோ கேக்குதே" என்று போனில் கேட்கும் குரலில் இருக்கும் பதற்றத்தை ஒருமுறை கேட்டவர்கள் அந்தப் பெட்டியை எழுத மாட்டார்கள். எங்கள் சாப்ட்வேர் காலையில் கடை திறந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், கடைக்குக் கடை வேறுபடும் ஒரு நேரத்தில், சத்தமில்லாமல் கேட்கிறது. எல்லாக் கடையும் ஒன்பதரைக்கே கேட்டால் சர்வர் திணறும் என்பதற்காகத்தான் அந்த வித்தியாசம். புதிது இருந்தால் பின்னணியில் மெதுவாக இறக்கி வைத்துக்கொள்ளும். திரையின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு குறி மட்டும் தெரியும். இரவு டே குளோசிங் போட்டு, பேக்கப் எடுத்து, கல்லாப் பணத்தை எண்ண உட்காரும்போதுதான் நிறுவட்டுமா என்று கேட்கும். பணம் எண்ணி முடிப்பதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும். "இன்று வேண்டாம்" என்றால் அன்றைக்கு மறுபடி கேட்காது.

வரி விகிதம் மட்டும் விதிவிலக்கு, அதை இப்படித் தள்ளிப்போட முடியாது. அதனால் விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பதை நான் ஏற்பதில்லை. விகித அட்டவணை தனிக் கோப்பு, அதற்குத் தனி வெர்ஷன் எண். ஒவ்வொரு வரியிலும் சரக்கின் ஹெச்எஸ்என் எண், விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றும் இருக்கும். செப்டம்பர் 22-க்கு நாலைந்து நாள் முன்பே அட்டவணை கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 21-ந் தேதி இரவு வரை பழைய விகிதம், மறுநாள் புது விகிதம். பழைய பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் அந்தப் பில்லின் தேதிக்கு உரிய விகிதம். நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அண்ணாச்சியிடம் தைரியமாகப் பேச முடிந்தது இதனால்தான்.

இனிப் பாதுகாப்பு. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் நடந்ததைக் கணக்கு சாப்ட்வேர் எழுதும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். எம்.இ.டாக் என்பது அந்த நாட்டு நிறுவனங்கள் வரிக் கணக்கு தாக்கல் செய்யப் பயன்படுத்திய சாப்ட்வேர். அதன் அப்டேட் சர்வருக்குள் புகுந்தவர்கள், அப்டேட் வழியாகவே நாட்பெட்யா என்ற நாசகார நிரலை அனுப்பினார்கள். சாப்ட்வேர் வழக்கம்போல "புதுசா ஏதாவது இருக்கா?" என்று கேட்டது, வந்ததை நம்பி வாங்கிக்கொண்டது. அங்கே தொடங்கியது உலகம் முழுக்கப் பரவி, மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் மட்டுமே 20 முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. வரிக் கணக்கு சாப்ட்வேர், அப்டேட் வழி, சின்ன நிறுவனம். நான் செய்யும் தொழிலுக்கும் அதற்கும் தூரம் இல்லை.

எச்டிடிபிஎஸ் அங்கே காப்பாற்றியிருக்காது. எதிரே இருப்பது நம் சர்வர்தான் என்றுதான் அது உறுதி சொல்லும். அந்தச் சர்வருக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால் சர்வரிலுள்ள ஜேசன் தகவல் கோப்புக்கும் இறக்கும் கோப்புக்கும் தனியாகக் கையொப்பம் வேண்டும். நான் பயன்படுத்துவது எட்25519. சரிபார்க்கும் பொதுச் சாவி சாப்ட்வேருக்குள்ளேயே இருக்கிறது. கையொப்பமிடும் ரகசியச் சாவி சர்வரில் இல்லை, இன்டர்நெட்டோடு சேர்ந்த எந்தக் கணினியிலும் இல்லை. பூட்டி வைத்த பென்டிரைவில் இருக்கிறது. சர்வரை யார் பிடித்தாலும் கையொப்பம் போட முடியாது. ஒரு சாவி தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவது பொதுச் சாவியும் முதல் வெர்ஷனிலிருந்தே உள்ளே இருக்கிறது. அதன் ஜோடி வேறு ஊரில் இருக்கிறது. கோப்பு இறங்கியதும் முதலில் கையொப்பம், பிறகு எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண், இரண்டும் சரியானால்தான் பிரிப்பது. பிரித்துவிட்டுச் சரிபார்ப்பது திருடனை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு யார் என்று கேட்பது. கையிலிருப்பதைவிடப் பழைய வெர்ஷனைக் கையொப்பம் சரியாக இருந்தாலும் ஏற்பதில்லை. ஓட்டை உள்ள பழைய வெர்ஷனைத் திரும்பத் திணிப்பதும் ஒரு தாக்குதல் முறைதான்.

இதை இன்னும் முறையாகச் செய்ய டஃப் என்ற கட்டமைப்பு இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் காப்போஸும் அவரோடு சேர்ந்தவர்களும் வளர்த்தது. ஒரு சாவி களவு போனாலும் மொத்தமும் கவிழாதபடி அதிகாரத்தைப் பல சாவிகளுக்குப் பங்கிடுகிறது. பைத்தான் டெஸ்க்டாப் சாப்ட்வேருக்கு அதன் மேல் கட்டிய டஃப்அப் என்ற நூலகமும் உண்டு. குழுவாக வேலை செய்கிறவர்கள் சொந்தமாக எழுதாமல் அதை எடுத்துக்கொள்வது நல்லது.

நிறுவும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இ-யின் மேல் விண்டோஸ் எழுத விடாது. பெயர் மாற்ற விடும். பைஇன்ஸ்டாலரில் ஒரே கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துக்கொண்டு மெதுவாகத் திறக்கும், ஆன்டிவைரஸும் அதிகம் சந்தேகப்படும். ஃபோல்டராகக் கட்டுவதே மேல். நாங்கள் ஒவ்வொரு வெர்ஷனையும் தனி ஃபோல்டரில் வைத்து, எதைத் திறப்பது என்று ஒரு சின்னத் தொடக்கி முடிவு செய்யும்படி வைத்திருக்கிறோம். புதியது ஒழுங்காகத் திறக்காவிட்டால் தொடக்கி பழையதைத் திறந்துவிடும். டேட்டாபேஸ் அமைப்பு மாறுமானால் அதற்கு முன் எஸ்க்யூஎல்லைட்டின் முழுப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் போணி தவறக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு கடைக்காரர் நேராகவே கேட்டார்: "தினமும் உங்க சர்வர்ட்ட பேசுதுன்றீங்க, நம்ம வியாபாரக் கணக்கும் சேந்து போகுதா சார்?" நியாயமான கேள்வி. எங்கள் சாப்ட்வேர் அனுப்புவது தன் வெர்ஷன் எண், விகித அட்டவணையின் எண், விண்டோஸின் வெர்ஷன், இவ்வளவே. ஜிஎஸ்டி எண் போகாது, பில் எண்ணிக்கை போகாது. அனுப்பிய வரியை அப்படியே திரையில் காட்டும் பொத்தான் ஒன்றையும் அதற்குப் பிறகு வைத்தேன். வெர்ஷன் எண்களோடு வரி முடிந்துவிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை.

விண்டோஸின் வெர்ஷன் எதற்கு என்றால், விண்டோஸ் 7 இன்னும் கடைகளில் ஓடுகிறது. பைத்தான் 3.8-தான் அதில் ஓடும் கடைசி பைத்தான், 3.9 அதில் ஓடாது. 3.8-க்கான ஆதரவும் 2024 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்தக் கணினிக்குப் புது வெர்ஷனை அனுப்பினால் இறங்கும், நிறுவும், திறக்காது. அதனால் தகவல் கோப்பில் விண்டோஸ் 7-க்கு என்று தனிக் கிளை வைத்திருக்கிறேன். அந்தக் கிளைக்குப் புது வசதி எதுவும் போவதில்லை. வரி விகித அட்டவணையும், பில்லில் சட்டப்படி மாற வேண்டியவையும் மட்டும் போகின்றன. கணினி மாற்றச் சொல்லி வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்போது, ஒரு செய்தி காட்டுகிறேன். முதல் வெர்ஷன் கேட்ட அதே பழைய முகவரியில் இன்றும் சர்வர் பதில் சொல்கிறது. அந்த டொமைனை மட்டும் ஒவ்வொரு முறையும் கெடுவுக்கு வெகு முன்பே, கிடைக்கிற அதிகபட்ச ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிடுகிறேன். இன்னும் அந்த முகவரியில் வந்து கேட்கும் கடைகள் இருக்கின்றன.